தாழியை மறைத்தால்தான் பாக்கிப் பணம் என்கிறார்!

கேள்வி: தாம்பரத்தில் மூன்று பேருடன் சிறிய தொல்லியல் கள ஆய்வு நிறுவனம் நடத்துகிறேன். செங்கல்பட்டு அருகே மனைப்பிரிவு போடவிருக்கும் புரமோட்டர் ஒருவர், தன் நிலத்தை ஆய்வு செய்து அறிக்கை கேட்டார். அங்கே முதுமக்கள் தாழி ஒன்றின் விளிம்பு தெரிந்தது. எங்கள் பையன்கள் ஆர்வத்தில் கடப்பாரையால் தோண்டி, உள்ளேயிருந்த சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளை எடுத்து வந்துவிட்டார்கள். அறிக்கையில் தாழியைப் பற்றி எழுதினால் பாக்கிப் பணம் கிடையாது என்கிறார் புரமோட்டர். என்ன செய்யலாம்?

பதில்: பணம் இருக்கட்டும். மணிகள் எங்கே? அலுவலக இழுப்பறையில் என்றால் அதுதான் உங்கள் முதல் சிக்கல்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த மதிப்புள்ள எதுவும் புதையல்தான். பொன்னாக இருக்க வேண்டியதில்லை. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (இன்று அந்தக் காசுக்கு நல்ல டீ கிடைப்பதே அரிது.) என்ன பொருள், உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், தேதி எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பட்டா நிலம் என்பதால் இதிலிருந்து விலக்கு கிடையாது. புரமோட்டரிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்; பாதிப் பிடிவாதம் தளர்ந்துவிடும்.

கடிதத்தின் நகலை எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். மழையில் மண் கரைந்து தாழி தானாக வெளியே வந்தது என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். தாழியைச் சுற்றிக் கடப்பாரைத் தடம் இருக்கிறது. நடந்ததை எழுதி, அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

நில உரிமையாளர் சம்மதத்துடன் நடந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்து அளக்கலாம். 2021 புவியிடத் தரவு வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. தோண்டுவது வேறு சங்கதி. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, மாநில அரசே ஒன்றிய அரசின் முன் அனுமதியில்லாமல் அகழாய்வு செய்யவோ, பிறருக்கு அனுமதி தரவோ முடியாது. உங்கள் பையன்கள் எம்மாத்திரம்?

பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடத்தின் அருகே வசிக்கும் பல்லாவரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

இனி பாக்கி. சட்டத்தை மீறச் சொல்லும் நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆகவே உண்மையை எழுதினீர்கள் என்று பணத்தை நிறுத்த முடியாது. வேலைக்கு முன்பே உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருந்தால் வழி எளிது: 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியுடன் குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவில் கோரலாம். பதிவு இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு உரிமையியல் வழக்கு. எதுவானாலும் முழு அறிக்கையை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்சியருக்கான கடிதம் அதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.