முன்சில்லில் கடக் கடக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. அப்பா ஓடிய 1961 மொறிஸ் மைனர் கார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. இரண்டு மாதமாக இடப்பக்க முன்சில்லில் ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம். காப்பற் ரோட்டில் ஒன்றும் இல்லை, எங்கள் ஒழுங்கைக்குள் கிடங்கு கிடங்காக இறங்கி ஏறும்போதுதான் தொடங்கும். கராஜில் ஷொக் அப்சோபர் போய்விட்டது என்று சொல்லி வேறொன்று பூட்டினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. இப்போது மற்றப் பக்கத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: வேண்டாம் தம்பி. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் இனி ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

முதலில் பொனற்றைத் திறந்து பற்றரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். என் மாமா ஒருவர் முன்பக்கம் முழுவதையும் கழற்றிப் பூட்டினார், கடைசியில் பார்த்தால் பற்றரியைப் பிடிக்கும் சட்டம் கழன்று கிடந்தது.

அது சரியாக இருந்தால் காரை ஜக்கில் ஏற்றுங்கள். ஜக்கைச் சசிக்கு வைத்தால் பிழை மறைந்துவிடும், ஏனென்றால் இந்தக் காரில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, காரின் நீளத்துக்குக் கிடக்கும் ரோசன் பார் என்ற இரும்புக் கம்பிதான் முறுக்கிக்கொண்டு, சில்லைக் கீழிருந்து தாங்கும் கீழ்க்கையை அழுத்திப் பிடிக்கிறது, அந்த இறுக்கத்தில் தேய்ந்த மூட்டுக்கூட ஆடாமல் நிற்கும். ஆகவே கீழ்க்கைக்கு அடியில் ஜக்கை வைத்து, சில்லு நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும். சசிக்கு அடியில் ஒரு நல்ல மரக்கட்டையும் கொடுத்துவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக் கூடாது.

இனி மணிக்கூட்டில் 12உம் 6உம் நிற்கும் இடங்களில் ரயரைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆடுகிறதா? தம்பியையோ தங்கச்சியையோ உள்ளே இருத்தி பிறேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சில்லு பெயரிங், நிற்காவிட்டால் கிங்பின் (ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது சில்லு திரும்பும் நிமிர்ந்த அச்சு) பக்கம். 9க்கும் 3க்கும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்ரியறிங் றொட் முனையைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் உங்களிடம் ஷொக் அப்சோபருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மைனரில் ஷொக் அப்சோபரின் கைதான் மேல்கை, சில்லின் மேல்மூட்டு அதிலேதான் தொங்குகிறது. அதனால் ஒயில் நிறைய இருந்தாலும், அதன் தண்டு தேய்ந்திருந்தாலோ பிடிக்கும் போல்ற்றுகள் இளகியிருந்தாலோ இதே கடக் கடக்தான் கேட்கும். பழையதைக் கழற்றிப் புதிதைப் பூட்டியவர் போல்ற்றுகளை இறுக்கினாரா என்று ஸ்பனரைப் போட்டுப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு (முன்சில்லைப் பிடிக்கும் இரட்டைக் குழாய்) விடும் 20 நம்பர் ஒயிலை விடலாம். பிறேக் ஒயிலை விடவே கூடாது.

ஆட்டம் கிங்பின்னில்தான் என்றால் இதை வடிவாகக் கேளுங்கள். கிங்பின்னின் மேலும் கீழும் உள்ள ரனியன்கள் உள்ளே புரி வெட்டிய கட்டைகள். ஸ்ரியறிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிங்பின் அந்தப் புரிக்குள்ளே திருகித் திரும்புகிறது. கிறீஸ் இல்லாமல் மண் போனால் புரி தின்றுபோகும், ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது கீழ் ரனியன் கழன்று சில்லு மடிந்து கார் முழங்காலில் விழுந்துவிடும். மைனர் வைத்திருந்த பழைய ஆட்களிடம் கேளுங்கள், ஒழுங்கை முடக்கில் இப்படி விழுந்த கதை யாரிடமாவது இருக்கும். இது சத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கட்டாயம் மாற்றுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி வேறு, ஆகவே வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்குங்கள்.

ரனியன் நல்லதென்றால் மிஞ்சுவது புஷ்கள். கீழ்க்கையிலிருந்து முன்னுக்குப் போகும் ரை றொட்டின் றபர் புஷ், கீழ்க்கை தொங்கும் ஐ போல்ற்றின் (வளையத் தலை போல்ற்) புஷ் இரண்டையும் கம்பியால் நெம்பிப் பாருங்கள். பிறேக் பிடிக்கும் நேரம் மட்டும் ஒரு ‘டொக்’ கேட்டால் ரை றொட்டையே முதலில் சந்தேகிக்கலாம். புது ஐ போல்ற் புஷ் போட்டால் சில்லைத் தொங்கவிட்டு நட்டை இறுக்காதீர்கள். காரை நிலத்தில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் றபர் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

கிறீஸுக்கு ஒரு பக்கத்தில் மூன்று நிப்பிள் (கிறீஸ் அடிக்கும் சிறு வாய்). சில்லைத் தூக்கி, ஸ்ரியறிங்கை இந்த அந்தம் அந்த அந்தம் திருப்பிக்கொண்டே, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஆயிரம் மைலுக்கு ஒருதரம். தொண்ணூறுகளில் யுத்தத்தால் இங்கே பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடியே தப்பிய கார்கள் இவை, ஒரு ரின் கிறீஸுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் கார். ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்து எடுக்கும்போது மட்டும் முன்பக்கம் ‘டக் டக் டக்’. இதுவும் கிங்பின்னா?
(வாசகி, நெல்லியடி)

பதில்: இல்லை அக்கா, உங்கள் காரில் கிங்பின்னே இல்லை. முன்சில்லு இழுக்கும் காராகத்தான் இருக்க வேண்டும், அப்படியென்றால் சத்தம் சீ.வி. ஜொயின்ற்றில்தான் (என்ஜினின் இழுவையைத் திரும்பும் சில்லுக்குக் கொண்டுபோகும் மூட்டு) இருக்கும். சில்லுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் றபர் உறை கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். உறை கிழிந்தவுடனே பார்த்திருந்தால் உறையோடு முடிந்திருக்கும். சத்தம் வந்துவிட்டதால் ஜொயின்ற்றுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.