பழைய சிந்தசைசர்களின் ஒலி ஏன் தனியாகத் தெரிகிறது?

மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவிதான் சிந்தசைசர். பழைய சிந்தசைசர் ஒலியில் ஒரு கதகதப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் பாதிக் காரணம் அவற்றின் குறைகள்.

1970-இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரைப் பாருங்கள். அதில் மூன்று ஆஸிலேட்டர்கள், அதாவது ஒலியலையை உண்டாக்கும் சுற்றுகள். வெப்பநிலை மாறினால் அவற்றின் சுருதி லேசாக நகரும். மூன்றையும் ஒரே சுரத்தில் வைத்தாலும் மயிரிழை விலகல் இருக்கும். பலர் சேர்ந்து ஒரே வரியைப் பாடுவதுபோல ஒலி அசைந்துகொண்டே இருக்கும். அப்புறம் அதன் ஃபில்டர், அதாவது ஒலியின் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி. டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஏணிப்படிபோல அடுக்கிய சுற்று. குறித்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபெல் வெட்டும். சிக்னலைக் கொஞ்சம் அதிகமாகத் திணித்தால் மெல்லச் சிதைந்து புதிய மேற்சுரங்களைச் சேர்க்கும். என் காதுக்கு அதன் அடையாளமே இந்தச் சிதைவுதான். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 டிஜிட்டல் கருவி; சுருதி அசையாது, மணியோசை கண்ணாடிபோல் துல்லியம். அது வேறு அழகு.

தனித்தனிப் பாகங்களாக வரும் மாடுலர் சிந்தசைசரின் கதையே தனி. அதில் பாகங்களை வயரால் இணைப்பது நம் வேலை. பெரும்பாலானவற்றில் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஆக்டேவ் ஏறும். எந்த மின்னழுத்தத்தையும் எதற்கும் கொடுக்கலாம் என்பதால் எதிர்பாராத ஒலிகள் பிறக்கும். வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு, சேமிக்க முடியாது! செலவும் கட்டுக்கடங்காது. சரி, முதலில் மாடுலரைக் கணினியிலேயே தரும் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் விளையாடிப் பாருங்கள்.