352 விமானங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானி எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தினார் என்கிறார்கள். மூன்று வருடத்துக்குள் ஒரே ஆளால் முடிகிற காரியமா? கணக்கு இடிக்கிறதே?

ப: வகுத்துப் பாருங்கள், அவ்வளவாக இடிக்காது. 1942 அக்டோபரில் சோவியத்துக்கு எதிரான கிழக்குப் போர்முனைக்கு வந்தவர், 1945 மே 8 வரை 1,404 முறை போருக்குக் கிளம்பியிருக்கிறார். அதில் 825 முறை எதிரியோடு மோதல். நாலு தடவை கிளம்பினால் ஒரு விமானம் என்ற கணக்கு வரும். பிரிட்டிஷ், அமெரிக்க விமானிகளுக்கு ஒரு தவணை முடிந்தால் ஓய்வு, பயிற்சிப் பள்ளி வேலை என்று இருந்தது. ஜெர்மானியருக்கு அந்த ஏற்பாடு இல்லை. சாகும் வரை அல்லது முடமாகும் வரை பறக்க வேண்டியதுதான். விமானத் தளங்கள் போர்முனையை ஒட்டியே இருந்ததால் ஒரே நாளில் பல முறை கிளம்ப முடிந்தது. ஹார்ட்மன் 352, பார்க்ஹார்ன் 301, ரால் 275 என்று உலகப் பட்டியலின் முதல் மூன்று பேரும் ஜே.ஜி. 52 என்ற ஒரே படைப்பிரிவில் பறந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். தனிமனிதத் திறமையோடு சூழலும் சேர்ந்த எண் இது.

இன்னொன்று. 352 என்பது விமானி எழுதிக் கொடுத்து, சாட்சியோடு மேலிடம் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை. புகைவிட்டபடி கீழே போன விமானம் தட்டுத்தடுமாறித் தளம் திரும்பியிருக்கலாம். எல்லா நாட்டுக் கணக்குகளிலும் இந்த ஓட்டை உண்டு.

கே: எதிரி விமானம் கண்ணாடி முழுக்கத் தெரியும் வரை சுடமாட்டாராமே? அவ்வளவு கிட்டப் போவது தற்கொலை இல்லையா?

ப: ஆபத்துதான். ஆனால் தூரத்திலிருந்து சுடுவது வீண் செலவு. அவர் ஓட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 ரகத்தில், புரொப்பெல்லர் அச்சின் நடுவே சுடும் 20 மி.மீ. பீரங்கிக்கு 200 குண்டுகள். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் சுமார் 16 விநாடியில் தீர்ந்துவிடும். மூக்கின் மேலுள்ள இரண்டு 13 மி.மீ. துப்பாக்கிகளுக்குத் தலா 300. கையிருப்பு அவ்வளவுதான்.

இப்போது குறி வைப்பதைப் பாருங்கள். மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகிற விமானம் விநாடிக்கு 100 மீட்டர் நகரும். 400 மீட்டர் தள்ளியிருந்து சுட்டால் குண்டு போய்ச் சேர அரை விநாடிக்கு மேல் ஆகும்; அதற்குள் இலக்கு ஐம்பது அறுபது மீட்டர் போயிருக்கும். அந்த இடைவெளியை மனக்கணக்காகக் கணித்துச் சுடுவது ஒரு சிலருக்கே வாய்த்த கலை. ஹார்ட்மனைப் பழக்கிய மூத்த விமானி எட்மண்ட் ரோஸ்மன் அந்த ரகம். 50 மீட்டரில் அதே கணக்கு ஏழு மீட்டராகச் சுருங்கிவிடும். பின்னாலிருந்து நெருங்கினால் அதுவும் இல்லை.

பார், முடிவெடு, தாக்கு, விலகு என்பது அவர் முறை. வட்டமடித்துச் சண்டை போடுவதை அவர் நேர விரயமாகவே பார்த்தார். என்னைக் கேட்டால், கடைசிப் படியான 'விலகு'தான் அவரைக் காப்பாற்றியது.

கவசம் போர்த்திய சோவியத் இல்-2 தாக்குதல் விமானத்துக்கு இன்னொரு உபாயம் இருந்தது. அடிவயிற்றில் ஆயில் கூலர். பின்புறம் கீழிருந்து ஏறி அதில் அடித்தால் எஞ்சின் தீப்பிடிக்கும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் சக விமானி ஆல்ஃபிரட் கிரிஸ்லாவ்ஸ்கி. 1942 நவம்பர் 5-ல் ஹார்ட்மனின் முதல் வெற்றியே இப்படித்தான் கிடைத்தது. ஆனால் எதிரி விமானத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த துண்டுகள் இவர் எஞ்சினையும் பதம் பார்க்க, சக்கரம் விரிக்காமல் விமானத்தின் வயிற்றால் வயலில் இறங்கினார். கிட்டப் போனதற்கான விலை அது. அவருடைய அவசரத் தரையிறக்கங்களில் பல, சிதைந்து வந்த துண்டுகளாலோ எஞ்சின் கோளாறாலோ நேர்ந்தவை.

கே: மெஸ்ஸர்ஷ்மிட் 109 தரையில்தான் அதிகம் கவிழ்ந்தது என்கிறார்களே, காரணம்? சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதா?

ப: பாதி உண்மை. சக்கர இடைவெளி சுமார் 2 மீட்டர். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு அதைவிடக் குறைவு! சக்கரக் கால்கள் உடற்பகுதியில் பிணைக்கப்பட்டு வெளிப்புறமாக விரிந்து நிற்பதுதான் சிக்கல். இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும் என்பதற்காக, பழுதுபார்ப்பு வசதியை நினைத்துச் செய்த அமைப்பு. சக்கரமும் சாய்ந்தே நிற்பதால் ஒரு பக்கம் பாரம் ஏறியதும் விமானம் அந்தப் பக்கம் இழுத்துச் சுழன்றுவிடும்.

புறப்படும்போது எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் புரொப்பெல்லரின் முறுக்குவிசை இடப்பக்கம் திருப்பும். மெதுவாகத் தள்ளி, வலது சுக்கான் மிதியை முன்கூட்டியே அழுத்தி, போதிய வேகம் வரும் வரை வாலைத் தரையில் வைத்திருக்க வேண்டும். நீண்ட மூக்கு முன்பார்வையை மறைப்பதால், சறுக்குவதே தாமதமாகத்தான் தெரியும். அவசரப் பயிற்சியில் வந்த 1944-க்குப் பிந்தைய இளைஞர்களிடம் இதைச் சரியாகப் பழக நேரமில்லை.

கே: விமானத்தின் மூக்கில் கருப்பு டூலிப் பூ வரைந்திருந்தாரே?

ப: வரைந்தார், பிறகு அழித்தார். அதைக் கண்டதும் சோவியத் விமானிகள் ஒதுங்கிப் போனார்கள் என்பது அவர் தரப்பு விளக்கம்.

கே: போருக்குப் பின் ஏன் பத்து வருடச் சிறை? பிறகு எப்படி மறுபடி விமானப் படையில்?

ப: அமெரிக்க 90-வது காலாட்படை டிவிஷனிடம்தான் சரணடைந்தார். கிழக்கே போரிட்டவர்கள் சோவியத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற உடன்பாட்டின்படி கைமாற்றப்பட்டார். சோவியத் நீதிமன்றங்கள் போர்க் குற்றம் சாட்டி, கடைசியில் 25 வருடக் கடுங்காவல் தண்டனை விதித்தன. 1945-ல் பிறந்து 1947-ல் இறந்த மகனை அவர் பார்க்கவே இல்லை. ஜெர்மன் பிரதமர் அடினாவர் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகு 1955-ல் விடுதலை. ரஷ்ய ராணுவ வழக்குத் துறை 1997-ல் தீர்ப்பை ரத்து செய்தது; அவர் இறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்காக ஹிட்லர் கையால் வைரப் பதக்கம் வாங்கியதும், யாருக்காகப் பறந்தார் என்பதும் மறைந்துவிடாது.

1956-ல் மேற்கு ஜெர்மன் விமானப் படையில் சேர்ந்து, 1959 முதல் ஜே.ஜி. 71 பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே அமெரிக்க வடிவமைப்பான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஜெட் விவகாரத்தில் மேலதிகாரிகளோடு முட்டிக்கொண்டார். "நல்ல வானிலையில் இடைமறிக்கப் பிறந்த விமானத்தில் கூடுதல் கருவிகளை ஏற்றி, ஐரோப்பிய மேகமூட்டத்தில் தாழப் பறக்க வைக்கிறீர்கள். விமானிகளும் பராமரிப்பாளர்களும் இடைநிலை ஜெட்களில் பழகட்டும்" என்றார். யாரும் கேட்கவில்லை. மேற்கு ஜெர்மனி வாங்கிய 916-ல் 292 விழுந்து நொறுங்கின. நூறு விமானிகளுக்கு மேல் இறந்தார்கள். அவரோ 1970-ல் கர்னலாகவே ஓய்வு பெற்றார்.