மாங்குழியில் கிடைத்த தவளை

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோடு பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் மாங்கன்றுக்குக் குழி எடுத்தபோது, இரண்டடி ஆழத்தில் பந்துபோல உப்பிய தவளை ஒன்று கிடந்தது. அரிய இனமா? கிணற்றில் விட்டால் பிழைக்குமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிணற்றில் விடாதீர்கள், செத்துவிடும். இவற்றுக்கு விரலிடைச் சவ்வு மிகக் குறைவு. வெகுநேரம் நீந்த முடியாது, செங்குத்துச் சுவரில் ஏறவும் வராது. கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். உரமோ மருந்தோ பட்ட கை ஆகாது, அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும். மர நிழலில் ஒரு சாண் ஆழம் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து மேலே வையுங்கள். பின்னங்காலால் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கிவிடும். நீங்கள் மண்ணைப் போட்டு மிதிக்க வேண்டாம்.

எந்த இனம் என்பதைப் பின்னங்காலடி சொல்லும். மண்வெட்டி போன்ற புடைப்பு ஒவ்வொரு காலிலும் இரண்டு இருந்து, முகம் சிறுத்திருந்தால் யூபெரோடான் சிஸ்டோமா என்ற இனம். கறையானும் எறும்பும் தின்பது. உள்பக்கம் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் ஸ்பேரோதெகா, அதாவது பல இனங்கள் அடங்கிய ஒரு தவளைப் பேரினம். சிஸ்டோமாவையும், அந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஸ்பேரோதெகா பிரெவிசெப்ஸையும் 1799இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் ஷ்னைடர் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர்தான்.

அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன்னின் செம்பட்டியலில் இந்த இரண்டு இனங்களுமே 'குறைந்த அக்கறை' வகை, அதாவது உடனடி ஆபத்தில்லாதவை. ஆனால் ஸ்பேரோதெகா விஷயத்தில் இந்த முத்திரையை நான் முழுதாக நம்புவதில்லை. பிரெவிசெப்ஸ் என்ற ஒரே பெயரில் பல இனங்களைச் சேர்த்து எண்ணி வந்திருக்கிறோம். 2020இல் பெங்களூரு புறநகரிலேயே ஸ்பேரோதெகா பெங்களூரு என்று தனி இனம் பிரித்தார்கள். ஓசூர் அங்கிருந்து எட்டும் தூரம்தானே! இந்தப் பக்கத்துத் தவளைகளைப் பெயரிடும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பட்டியல் எப்படியிருந்தாலும், உங்கள் நிலத்தில் இந்தத் தவளை நிலைப்பது மழைக்குட்டையைப் பொறுத்தது. கோடை மழையிலோ தென்மேற்குப் பருவத்தின் முதல் கனமழையிலோ வெளியே வந்து, தேங்கிய நீரில் முட்டையிடும். தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற ஏறக்குறைய ஒரு மாதம் தண்ணீர் நிற்க வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவி நிலத்தைச் சமன் செய்தால் முதலில் போவது அந்தக் குட்டைதான். அரையடி, ஓரடி ஆழமும் சரிவான கரையும் உள்ள ஒரு மூலையை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் மீன் விடக்கூடாது, தலைப்பிரட்டையைத் தின்று தீர்த்துவிடும். களைக்கொல்லியும் அந்தப் பக்கம் அடிக்க வேண்டாம்.

பண்ணைக்குட்டைக்குத் தார்ப்பாய் விரித்திருந்தால் விழுந்த தவளை வழுக்கி வழுக்கி ஏற முடியாமல் சாகும். நான்கு மூலையிலும் பழைய சணல் சாக்கைக் கரையில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டால் போதும்.