மரத்தில் ஒட்டியிருக்கும் அந்தத் திட்டு என்ன? பெங்களூரு நண்பர்களின் லைக்கன் கேள்விகள்

ஜெயநகரிலிருந்து ஓர் அம்மா: வாசல் மாமரம் முழுக்க வெளிர்பச்சைத் திட்டுகள். நோய் என்கிறார் தோட்டக்காரர். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாமா?

வேண்டாம்மா, சுரண்டாதீர்கள். அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது, பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் தருகிறது. சிலவற்றில் பச்சைப் பாசிக்குப் பதில், அதைப்போலவே வெயிலில் உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா இருக்கும். இதற்கு வேர் கிடையாது, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மரம் வேறு காரணத்தால் நலிந்து இலை உதிர்த்தால், கிளைகளில் வெயில் அதிகம் விழுந்து லைக்கன் செழிக்கும். பழி மட்டும் அதன்மேல் விழுகிறது. சுரண்டினால்தான் பட்டையில் காயம்.

மல்லேஸ்வரத்திலிருந்து: ஒரே மரத்தில் சில திட்டுகள் தட்டையாகவும் சில மடிப்பு மடிப்பாகவும் இருக்கின்றன. இளசும் முற்றலுமா?

இல்லை, வடிவமே வேறு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓரத்தை நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சமும் அசையாமல், பெயின்ட் அடித்ததுபோல் ஒட்டியிருந்தால் அது பொருக்கு வகை. பட்டையை வெட்டாமல் அதைத் தனியே எடுக்கவே முடியாது. வழவழப்பான பட்டையில் கறுப்புக் கோடுகளாக ஏதோ எழுதியதுபோல் தெரிகிறதே, அந்த கிராஃபிஸ் இந்த வகைதான். பாறைகளில் காணும் சாம்பல், மஞ்சள் திட்டுகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். லால்பாக் பாறையில் ஏறும்போது குனிந்து பாருங்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான, நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை அது. பகலெல்லாம் கொதிக்கும் அந்த இடத்திலும் பொருக்கு வகை தாக்குப்பிடிக்கும்.

ஓரம் லேசாகத் தூக்கி, மேலே ஒரு நிறமும் அடியில் வேறு நிறமுமாக இருந்தால் இலை வகை. அடியில் உள்ள நுண்ணிய இழைகளால் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மரங்களில் காணும் பிக்ஸினே, பார்மோட்ரீமா எல்லாம் இதில் சேரும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிளைகிளையாக நிற்பதும் தொங்குவதும் புதர் வகை. குடகு, சிக்கமகளூரு மலைக்காடுகளில் மரத்திலிருந்து தாடியாகத் தொங்கும் அஸ்னியா இதற்கு நல்ல உதாரணம். விழுந்து கிடக்கும் இழை ஒன்றை எடுத்து மெதுவாக இழுத்தால் நடுவில் வெள்ளை நாண் ஒன்று தெரியும், அதை வைத்தே அடையாளம் காணலாம்.

இவை தவிர மண்ணில் சின்னச் சின்னச் செதிலாகப் படர்பவை உண்டு. மழை நேரே படாத பாறை இடுக்கில் வெறும் பொடியாகவே படிந்திருக்கும் லெப்ராரியாவும் உண்டு. அதற்குக் காற்றின் ஈரப்பதமே போதும்.

அல்சூரிலிருந்து: அப்படியானால் எங்கள் ரோட்டு மரங்களில் அந்தத் தாடி ஏன் இல்லை?

இலைகளுக்கு இருக்கும் மெழுகுப்பூச்சு லைக்கனுக்கு இல்லை. நீரோ, புகையோ, காற்றில் வருவதை உடம்பு முழுக்க உறிஞ்சிவிடும். புதர் வகை நாலாபக்கமும் காற்றில் நிற்பதால் அதற்குப் பாதிப்பு அதிகம். பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்து லைக்கன்களை ஆராய்ந்த நைலாண்டர், காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோலாகும் என்று 1866-லேயே எழுதினார். ஆனாலும் புகையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மலைக்காட்டின் மூடுபனி அல்சூருக்கு வராதே! ஆகவே ஒரு வகை இல்லை என்பதை மட்டும் வைத்துக் காற்று கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே இன மரங்களைப் பூங்காவிலும் ரோட்டோரத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: காம்பவுண்டுச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருப்பதும் லைக்கனா?

மழைக்குப்பின் வெல்வெட்டாக, ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தால் பெரும்பாலும் ட்ரென்டிபோலியா. தனியாக வாழும் பாசி. சொந்த ஆரஞ்சு நிறமி அதன் பச்சையை மறைத்துவிடுகிறது. இதே பாசி கிராஃபிஸுக்குள் கூட்டாளியாகவும் வாழ்கிறது என்பது கூடுதல் அழகு.

பானஸ்வாடியிலிருந்து ஓர் அக்கா: குழம்புக்குப் போடும் கல்பாசி இதுதானா? பார்க்கில் பறித்துக்கொள்ளலாமா?

ஆமாம் அக்கா, கல்பாசி பார்மோட்ரீமா போன்ற இலை வகைதான். மேலே சாம்பல், அடியில் கறுப்பு. கன்னடத்தில் கல்லு ஹூவு என்று கேட்டால் கடையில் கிடைக்கும். ஆனால் நகரத்து மரத்தில் பறிக்காதீர்கள். வண்டிப் புகையிலிருந்து வரும் உலோகங்கள் அதில் சேர்ந்துகிடக்கும். கடையில் வாங்குவதையும் சிக்கனமாகவே பயன்படுத்துங்கள். காட்டில் சேகரிப்பது அது, மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, விஜயநகர்: ஒரு திட்டு வருடத்துக்கு எவ்வளவு வளரும்?

பொருக்கு வகை பலவும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளரும். இலை வகை சில மில்லிமீட்டர் வரை போகும். நீயே அளந்து பார்க்கலாம், கண்ணு. கண்ணாடித் தாளைத் திட்டின்மேல் வைத்து ஓரத்தை மார்க்கரால் வரைந்துகொள். பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு போட்டோவும் எடு. மழையில் நனைந்தால் நிறமும் அளவும் சற்று மாறும் என்பதால் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துச் செய். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே திட்டை மறுபடி வரைந்து இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வை. அடையாளத்துக்கு மரத்தில் ஆணி மட்டும் அடிக்காதே.