வெந்நீர் ஊற்றியும் அறுத்த பன்றியின் முடி வராமல் இறுகிக்கொள்வது ஏன்?

தண்ணீர் அதிகமாகக் கொதித்திருப்பதுதான் காரணம். கொதிநீர் பட்டதும் மேல்தோல் வெந்து, முடி வேரோடு இறுகிவிடும். பிறகு சுரண்டினால் தோல்தான் கிழியும். தேவையான சூடு 60 முதல் 65 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதிநீரும் பச்சைத்தண்ணீரும் சரிபாதி கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். உடம்பில் ஈரச்சாக்கைப் போர்த்தி அதன்மேல் ஊற்றுங்கள், சூடு நிற்கும். நாலைந்து நிமிடம் கழித்து முதுகில் ஒரு கொத்து முடியை விரலால் இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் உடனே சுரண்டலாம். தலையும் கால்களும் சீக்கிரம் ஆறிவிடும், அங்கே முதலில் கைவையுங்கள். மிச்சமிருக்கும் பூமுடியை வைக்கோல் தீயில் வாட்டிக் கத்தியால் வழித்தால் போதும்.

வயிற்றைக் கீறும்போது கத்திமுனை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். குடல் கிழிந்தால் கறி கெடும். ஆசனவாயைச் சுற்றி அறுத்து, மலக்குடலை நூலால் கட்டிவிட்டுத்தான் குடலை இறக்க வேண்டும். ஈரலோடு ஒட்டிய பித்தப்பை உடைந்தால் கசப்பு ஏறும்.

சதையில் அரிசிமணி போல வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கூடு. அந்தப் பன்றியை யாரும் சாப்பிடக் கூடாது, இதில் சமரசமே வேண்டாம்.

சமைக்க எண்ணெய் தேவையில்லை. கொழுப்புத் துண்டுகளை முதலில் போட்டு உருக்கி, அதிலேயே வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு வதக்கிக் கறியைச் சேருங்கள். நடுவில் சிவப்பு துளியும் இல்லாமல் வேக வேண்டும். காயடிக்காத ஆண் பன்றி என்றால் வாடை எந்த மசாலாவுக்கும் அடங்காது.