நாலு கட்டையும் நாலரைக் கட்டையும்

கேள்வி: கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவள் நான். கிட்டாரில் ‘கரோட்டா டி இபனேமா’ என்ற பிரேசில் பாட்டைப் பழகுகிறேன். நடுப்பகுதி வந்ததும் சுருதி நழுவிவிடுகிறது. ‘போசா நோவா (இந்தப் பாட்டின் பிரேசில் இசை பாணி) நடை வரவில்லை’ என்கிறார்கள் உடன் வாசிப்பவர்கள். பழைய பதிவோடு சேர்ந்து வாசித்தாலும் ஒட்டவில்லை. எங்கே பிழை?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பதிவோடு ஒட்டாததற்குக் காரணம் எளிது. ஜோபிம் இசையில் வினீசியஸ் டி மொராயஸ் 1962-இல் எழுதிய பாட்டு இது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோவும் 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவு செய்தது ஒன்றரைக் கட்டையில், அதாவது டி ஃபிளாட். ஜாஸ் புத்தகங்களில் அச்சாகியிருப்பது நாலு கட்டை, அதாவது எஃப். கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) சுருதியை ஏற்றுமே தவிர இறக்காது. பதிவோடு வாசிக்க, ஐந்தாம் தந்தி, நாலாம் ஃப்ரெட்டில் டி ஃபிளாட் மேஜர் 7 பிடித்துத் தொடங்குங்கள்.

நடுப்பகுதிதான் இந்தப் பாட்டின் அழகே. முதல் பகுதி நாலு கட்டையில் ‘ரி நி நி த’ என்று தொடங்கிச் சுற்றி வருகிறது. எட்டு பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை), மறுபடி எட்டு பார். அடுத்த பதினாறு பாரில் ஆதார ஸட்ஜமே இடம்பெயர்கிறது. கார்ட் ஜி ஃபிளாட் மேஜர் 7, அதாவது நாலரைக் கட்டை. நீட்டிப் பிடிக்கும் முதல் ஸ்வரம் உங்கள் பழைய ஸட்ஜம்தான். இப்போது அது காகலி நிஷாதம், புது ஸட்ஜத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் நி. அதை இன்னும் ஸட்ஜமாகவே கேட்பதால்தான் நழுவுகிறது.

சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்து ‘நீ, ஸநித நிதபத’ என்று பாடுங்கள். இரண்டாம் வரிக்கும் அதே நாலரை. ஆனால் கார்ட் மைனர் ஆகிவிடும், சாதாரண காந்தாரத்தோடு ‘ரீ, கரிஸ ரிஸநிஸ’. மூன்றாம் வரிக்குப் பெட்டியை ஐந்து கட்டைக்கு ஏற்றி இதே ஸ்வரங்களைப் பாடினால் போதும். கடைசி நாலு பார் ஏ மைனர் 7, டி7, ஜி மைனர் 7, சி7 வழியாக நாலு கட்டைக்கே கொண்டுவந்து விடும். வாயில் நின்ற பிறகு பெட்டியை அணைத்துவிட்டுக் கிட்டாரோடு பாடுங்கள். நிஷாதத்தை அசைக்கவே வேண்டாம். அது ஸட்ஜத்தை உரசினால் கார்ட் கலங்கிவிடும்.

நடைக்கு வருவோம். இங்கே உங்கள் பயிற்சி பெரிய வரம். அட்சரத்துக்கு இரண்டு மாத்திரையாக ஓர் ஆவர்த்தன ஆதி தாளம் போடுங்கள். அது இரண்டு பார். அதன் 16 மாத்திரைக்குள் ‘தகிட தகிட தகதிமி தகிட தகிட’ சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மூன்று விரல்களும் சேர்ந்து கார்டைப் பறிக்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவர் விளிம்பில் தட்டுவதும் இதே கணக்குதான். கட்டைவிரல் மட்டும் 1, 5, 9, 13-ஆம் மாத்திரைகளில் தடித்த மந்திரத் தந்தியில் நிதானமாக விழும். பெரும்பாலோர் இரண்டாம், ஐந்தாம் பறிப்புகளில் விரலோடு கட்டைவிரலையும் இழுத்துவிடுவார்கள். நடை அங்கேதான் செத்துப்போகிறது. கட்டைவிரலைத் தனியாகப் பத்து நிமிடம் ஓட்டி, அதன்மேல் சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்த்த பிறகே விரல்களைச் சேருங்கள்.

பிக் (தந்தி மீட்டும் சில்லு) வேண்டாம். நைலான் தந்திக் கிட்டார்தான் இதற்கு ஏற்றது. ஓசை போதவில்லை என்று அதில் இரும்புத் தந்தி மாட்டிவிடாதீர்கள். இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.